சனிக்கிழமை எண்ணெய் வெச்ச பஸ்

மோட்டார் மெக்கானிக்குன்னா இஞ்சினை ஓட வைக்கிறவன்னு ஊர் நினைக்குது. அதுக்குள்ள அடைஞ்ச கரியைச் சுரண்டியே ஆயுசைத் தொலைக்கிறவன்னு கரியில கை வெச்சவனுக்குத்தான் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள்ல போத்தனூர் ரோட்டுல நான் பட்டறை போட்டிருந்தேன். அப்ப பல்லடம் பஸ் ஒண்ணு என் உசிரை வாங்குச்சு.

பொண்ணு பார்க்கப் போனவர்

பல்லடத்துக்கும் கோயமுத்தூருக்கும் ஓடுற பெட்ரோல் பஸ் அது. முதலாளி நாச்சிமுத்து, டிரைவர் ரங்கசாமி. நீலப்புகை கக்கிக்கிட்டே பட்டறைக்கு வந்துச்சு. கழட்டிப் பார்த்தா, இஞ்சினுக்குக் காத்துப் போற குழாய் பூரா எண்ணெய்ப் பிசுக்கு, வால்வு மேல அப்பம் மாதிரி கரி.

மண்ணெண்ணெயில ஊறவெச்சு, மூங்கில் சிராயால ரெண்டு நாள் சுரண்டினேன். வண்டியை எடுத்துட்டுப் போக வந்த ரங்கசாமியோட ஒரு பயணியும் வந்திருந்தார். பஸ் புகையில கறுத்த வேட்டியை விரிச்சுக் காட்டிச் சொன்னார்: "பொண்ணு பார்க்கப் போனேனுங்க, கரிமூட்டம் போடறவன்னு நெனச்சுப்போட்டாங்க."

மூணாந்தரம்

ஒரு மாசம் ஆகலை, மறுபடியும் புகை. பிஸ்டன் ரிங்கை மாத்தினேன். அதுக்கும் அடங்கலை. மூணாந்தரம் வந்தப்ப, என் வேலை சுத்தமில்லைன்னு ஊர் பேச ஆரம்பிச்சிருச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

நாச்சிமுத்துவுக்கோ ரங்கசாமி மேல கோவம். கண்டபடி மிதிச்சு ஓட்டித்தான் இஞ்சின் கெடுதுன்னு முடிவே கட்டிட்டார். ரங்கசாமிக்கு மூணு பொண்ணு, டிரைவர் வேலையை விட்டா வேற தொழில் தெரியாது. அந்த மனுசன் வாயைத் திறக்காம நின்னார். பட்டறையில அத்தனை பேர் முன்னாடி முதலாளி சொன்னார்: "இன்னொருக்காப் பொகை வந்தா, ரங்கா, நீ ஊட்டுக்குப் போயிரு."

எண்ணெய்க் குளியல்

மனசு கேட்காம சனிக்கிழமை காலையில பல்லடத்துக்கே போனேன். பஸ் நிறுத்தற கொட்டகையில ரங்கசாமி, இஞ்சின் மேல இருக்கற காத்துச் சல்லடையில அரைப்படி எண்ணெயைச் சொட்டச் சொட்ட ஊத்திட்டு இருந்தார். தூசியைப் பிடிக்க அந்தச் சல்லடை எண்ணெயில நனைஞ்சிருக்கணும், வாஸ்தவம். ஆனா நனைச்சு, சொட்டு நிக்கற வரைக்கும் வடிய விட்டுத்தான் மாட்டணும். மிச்ச எண்ணெயை இஞ்சின் உறிஞ்சிக் கரியாக்கிரும்.

தப்பு என் மேலயும் உண்டு. சல்லடையில எண்ணெய் இருக்கறது வழக்கந்தானேன்னு மூணு தடவையும் அதைத் துடைச்சு மாட்டி விட்டவன். வெட்கமாப் போச்சு.

"யாருங்க இப்படி ஊத்தச் சொன்னது?"ன்னேன். எண்ணெய் டப்பாவைக் கீழ வெச்சார். வெயில்ல ஓடுற வண்டி, நம்மளாட்ட அதுக்கும் சனிக்கிழமை எண்ணெய் வெக்கோணும்னு முதலாளிதான் சொன்னாராம். அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னன்னு கத்திட்டேன். ரங்கசாமி மெதுவாச் சொன்னார்: "மொதலாளி சொன்னதை மொதலாளி முன்னாடியே எப்படிங்க குத்தமாட்டச் சொல்றது?"

சூலூர் மேடு

கடைசியா ஒருதரம் எல்லாத்தையும் சுரண்டி, சல்லடையை நல்லா வடியவிட்டு மாட்டினேன். ரெண்டு சனிக்கிழமை எண்ணெய் இல்லாமலே கழிஞ்சது. அப்புறம் முதலாளியை முன்சீட்டுல உட்கார வெச்சு, நானும் ஏறிக்கிட்டேன். எப்பவும் புகையில மூழ்குற சூலூர் மேட்டுல, பின்னால வந்த மாட்டுவண்டிக்காரர் மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சது. எனக்குச் சந்தோசம் தாங்கலை.

விசயத்தை நானே போட்டு உடைச்சேன். ரங்கசாமி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கலை. மேடு தாண்டினதும் முதலாளி குரல் இறங்கி அவர்கிட்டச் சொன்னார்: "நாஞ் சொன்ன பேச்சுக்கு உன்னைய வெய்யறேன், நீயும் கேட்டுட்டே நின்னியே கண்ணு. இந்த வண்டி ஓடற வரைக்கும் நீதான் ஓட்டோணும்."

எங்க பக்கத்து இஞ்சின்ல அடையற கரியில பாதி எண்ணெயால வர்றது, மீதி மரியாதையால வர்றதுங்க.