தூக்கச் சட்டை

என் தங்கைக்கு மூக்கி என்று பெயர் வைத்தது நான்தான். மூக்கு பெரிதாக இருந்ததால் இல்லை. எதைக் கையில் கொடுத்தாலும் அவளுக்கு அது முதலில் மூக்குக்குப் போகும், அப்புறம்தான் வாய்க்கு. சின்ன வயதில் ஒருநாள் குடிக்கிற குடத்தை மோந்து பார்த்துவிட்டு, "மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குது, யாரும் குடிக்காதீங்க" என்று வீடே அதிரக் கத்தினாள். பார்த்தால், யாரோ எண்ணெய் கேனைச் சரியாகக் கழுவாமல் அதில் தண்ணீர் பிடித்து வந்து குடத்தில் ஊற்றியிருந்தார்கள். அன்றைக்கு அப்பா அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அவ்வளவுதான். நாத்தம் அடித்தால் ஆபத்து, அடிக்காவிட்டால் கவலையில்லை என்று அவள் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

அவளோடு கடைக்குப் போவது போல ஒரு கொடுமை இல்லை. சோப்பு உறையை ஓரமாகப் பிரித்து மோந்து பார்ப்பாள். கடைக்காரர், "அம்மா, காசு குடுத்துட்டு வீட்டுல போய் மோந்து பாருங்களேன்" என்பார். "வீட்டுக்குக் கொண்டுபோனா அப்புறம் வீடே நாறுமே" என்பாள் இவள். நான் அடுத்த வரிசைக்குப் போய், யாரோ தெரியாதவள் போல நின்றுகொள்வேன்.

கொசுவத்தி கூடாது, தலைவலி. வாசனை ஸ்ப்ரே கூடாது, நுரையீரல் போய்விடும். தரை துடைக்கிற திரவம் இரண்டு சொட்டுக்கு மேல் விழுந்தால் வீட்டில் சண்டை. தண்ணீர் கேன் போடுகிறவர் ஒவ்வொரு கேனாகத் திறந்து காட்ட வேண்டும்; இவள் குனிந்து மோந்து, தலையாட்டினால்தான் கேன் உள்ளே வரும். அந்த ஆள் எங்கள் மாடி ஏறும்போதே "மேலிடத்துல உத்தரவு கிடைக்குமான்னு பாப்போம்" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார். நான் எதிர் வீடு. வாசல் பக்கம் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பதால் இந்தக் கூத்தெல்லாம் எனக்கு இலவசம்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் பேட்டரிக்காரர். பழைய வண்டி பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாவற்றையும் பிரித்து, உள்ளே இருக்கிற ஈயத் தகடுகளை உருவி, கெட்டதை உருக்கி வார்த்து, மறுபடி உயிர் கொடுக்கிற வேலை. தங்கமான மனுஷன். சுத்தக்காரரும்கூட. பட்டறையை விட்டுக் கிளம்புமுன் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்ப்பார். செருப்பை வாசலிலேயே விடுவார். ஆசிட் நெடி வரக்கூடாது என்று முகத்தை இரண்டு தரம் கழுவுவார். மூக்கிக்குப் பயந்து பழகிய பழக்கம் அது. வந்ததும் அவள் கிட்டப் போய் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "ம், போங்க உள்ள" என்பாள். எனக்குச் சிரிப்பு தாங்காது.

அவர்கள் பெண்ணை நாங்கள் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். போன வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அப்பா என்றால் அதற்குப் பைத்தியம். அவர் வந்து தூக்கினால்தான் சோறு இறங்கும், அவர் தோளில் சாய்ந்தால்தான் கண் மூடும். பட்டறையில் வேலை அதிகமான ஒரு காலத்தில் அவர் வீடு வர நேரமாகும். குட்டி ஊரைக் கூட்டுகிற மாதிரி அழும். அப்போது மூக்கி ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் முந்தின நாள் கழற்றிப் போட்ட நீலச் சட்டையை எடுத்துக் குழந்தை மேல் போர்த்தினாள். "அப்பா வாசனை" என்று சொல்லிக் குட்டி அதில் முகத்தைப் புதைத்துத் தூங்கிப்போனது. அன்றிலிருந்து அதற்குத் தூக்கச் சட்டை என்று பெயர். துவைத்தால் போச்சு, தொடவே தொடாது. அதனால் மூக்கி எப்போதும் ஒரு சட்டையைத் துவைக்காமல் எடுத்து வைப்பாள். அந்தச் சட்டைகளில் ஆசிட் தெறித்துப் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருக்கும். குட்டி ஒரு ஓட்டையில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டே, இன்னொரு ஓட்டையின் ஓரத்தைச் சப்பிக்கொண்டே தூங்கும்.

முதலில் வந்தது வயிற்றுவலி. சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பியது. மலச்சிக்கல் வேறு. பூச்சி மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. சும்மா சிரித்துக்கொண்டு திரிந்த குழந்தை, பென்சில் கீழே விழுந்ததற்கெல்லாம் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்தது.

ஒருநாள் என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து துணித்துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தது. அது எங்களுக்குள் பழைய விளையாட்டு. நான் ஒரு துண்டைத் தூக்கி, "இது என்ன கலர்?" என்றேன். பச்சைத் துண்டு. குட்டி அதையே பார்த்தது. போன மாதம் நான் பாதி கேட்பதற்குள் பதிலைக் கத்தின குழந்தை.

"தெரியல பெரியம்மா."

"விளையாடாதடி. என்ன கலர்?"

"தெரியலன்னு சொல்றேன்ல!" என்று அழ ஆரம்பித்துவிட்டது. தலை நிமிர்ந்து பார்த்தால் எதிர் வாசலில் மூக்கி நிற்கிறாள். கையில் இருந்த பக்கெட்டைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று மாலையே அவள் போர் தொடுத்தாள். முதல் சந்தேகம் தண்ணீர். ஃபில்டரை மாற்றினாள். அதிலும் நம்பிக்கை வராமல், குழாய்த் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். இரண்டும் நல்ல தண்ணீர் என்று வந்தது. அடுத்து காற்று. தெருவில் லாரி போகிறது, கீழ் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று ஜன்னல்களை இறுக்கிச் சாத்தினாள். உள்ளே நுழைந்தால் எனக்கு மூச்சு முட்டும். அப்புறம் வீட்டுச் சாமான். பவுடர், ஷாம்பு, பற்பசை, பிளாஸ்டிக் டப்பா, வாசனை அழிப்பான், வண்ணக் களிமண் என்று மூட்டை கட்டி வெளியே வைத்தாள்.

"அடியே, சட்டி பானையாவது விட்டு வை, சோறு பொங்கணும்" என்றேன்.

"சிரிக்காதக்கா" என்றாள். "ஏதோ ஒண்ணு வீட்டுக்குள்ள இருக்குக்கா. என் புள்ளைய அது தின்னுக்கிட்டிருக்கு. எனக்கு அது மட்டும் வாசனையே பிடிபட மாட்டேங்குது."

அதற்கு மேல் எனக்கும் கிண்டல் வரவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் வீட்டுச் சுவரையே கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குழந்தைகள் டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார். முடிவு வந்ததும் உடனே வரச் சொன்னார்கள். பேட்டரிக்காரருக்குப் பட்டறையில் விட முடியாத வேலை. நான் கூடப் போனேன். ஊசி போட்ட இடம் என்று ஞாபகம் வந்ததோ என்னவோ, குட்டி அந்த அறை வாசலிலேயே கால் பரப்பி உட்கார்ந்து கத்தியது. மூக்கி பையைத் திறந்து தூக்கச் சட்டையை எடுத்தாள். எங்கே போனாலும் அது கூடவே வரும். குழந்தையை மடியில் போட்டுச் சட்டையைப் போர்த்தினாள். கத்தல் விசும்பலாகி, விசும்பலும் அடங்கியது.

"ரத்தத்துல காரீயம் இருக்கும்மா" என்றார் டாக்டர். "இருக்கவே கூடாதது, ரொம்ப அதிகமா இருக்கு. வயித்துவலி, சோகை, கோபம், மறதி எல்லாம் அதனாலதான். சின்னப் பிள்ளைங்க மூளையை அது பாதிக்கும். எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். குடிக்கிற தண்ணி?"

மூக்கி ஒப்பித்தாள். தண்ணீர், ஃபில்டர், குழாய், சுவர்ப் பூச்சு, பாத்திரம், பொம்மை, கண் மை. டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க இவள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது, எல்லாவற்றையும் தூக்கி எறிந்தாகிவிட்டது. "எதுலயும் ஒரு வாடை கிடையாது டாக்டர், நான் மோந்து பாக்காத பொருளே வீட்டுல இல்ல" என்றாள்.

"காரீயத்துக்கு வாசனை கிடையாதும்மா."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தார். குட்டி தூங்கிப்போயிருந்தது. ஒரு விரல் சட்டை ஓட்டையில். இன்னொரு ஓட்டையின் ஓரம் வாய்க்குள், ஈரமாக.

"இந்தச் சட்டை யாரோடது?"

"அவங்க அப்பாவோடது. இது இருந்தாத்தான் தூங்குவா."

"ஏன் இத்தனை ஓட்டை?"

"ஆசிட் தெறிக்கும் டாக்டர். பேட்டரி வேலை..." என்றவள் அதோடு நிறுத்தினாள். அவள் குழந்தையின் வாயிலிருந்து அந்தத் துணியை மெல்ல இழுத்தாள். குட்டி தூக்கத்திலேயே பல்லால் கவ்விக்கொண்டது. "விடும்மா, விடு, ஐயோ விடுடி" என்று அவள் பிடுங்கின வேகத்தில் குழந்தை அலறி எழுந்தது. எழுந்து, சட்டைக்காகக் கையை நீட்டி அழுதது. மூக்கி அதைத் தரையில் போட்டுக் காலால் தள்ளினாள். ஒரு பாம்பைத் தள்ளுகிற மாதிரி தள்ளினாள்.

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு வாசனையையும் சோதித்து அனுப்பினவள், தூசியை எப்படிப் பிடிப்பாள்? கையைத் தேய்த்த மனுஷன் சட்டையை மாற்றாமல் வீட்டுக்கு வந்திருக்கிறார். பேட்டரித் தகட்டு ஈயம்தான் காரீயம்; மடிப்பிலும் பையிலும் காலரிலும் அது தூசியாக உட்கார்ந்து வந்திருக்கிறது. அதே வாளியில் குழந்தை துணியும் ஊறியிருக்கிறது.

பேட்டரிக்காரருக்கும் ரத்தம் பார்த்தார்கள். அவருக்குக் குழந்தையைவிட அதிகம். "எனக்கென்ன அக்கா, நான் இரும்பு" என்றார். "இரும்பு இல்ல தம்பி, உள்ள பூரா ஈயம்" என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். அவர் மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "என் கையாலயே குடுத்திருக்கேனே அக்கா" என்று அழுதார். வேறு வேலை தெரியாத மனுஷன், தேடிக்கொண்டிருக்கிறார். அதுவரைக்கும் பட்டறையிலேயே தலைமுழுகிக் குளித்து, வேறு உடுப்பு மாற்றி, வேலைத் துணியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.

மூக்கி இப்போது அவரை மோந்து பார்ப்பதில்லை. ஈரத்துணியால் வாசற்படியைத் துடைக்கிறாள். துணியைத் திருப்பிப் பார்க்கிறாள், வெள்ளையாகத்தான் இருக்கிறது. மறுபடி துடைக்கிறாள். "இல்லைன்னு எப்படிக்கா தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்கிறாள். நானும் இப்போது கடையில் துணி வாங்கினால் உதறிப் பார்க்கிறேன், ஜன்னல் வெயிலில் தூசி மிதந்தால் எழுந்து நகர்கிறேன். பயம் ஒட்டுவாரொட்டி.

குட்டிக்கு இரும்புச் சத்து மருந்து, சத்தான சாப்பாடு என்று நடக்கிறது. ரத்தத்தில் அளவு இறங்குகிறது என்று டாக்டர் சொன்னார். "மூளைக்கு ஆனது?" என்று மூக்கி கேட்டதற்கு, "பாத்துக்கிட்டே இருக்கணும்மா, இப்பவே சொல்ல முடியாது" என்றார். பச்சை திரும்ப வந்துவிட்டது. சில நாள் ஊதாவைச் சிவப்பு என்கிறது. மற்ற குழந்தைகளும் அப்படித்தான் சொல்லும் என்று நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிறோம்.

தூக்கம்தான் போய்விட்டது. சட்டையைக் கேட்டு அழும். நான் அதே நீலத்தில் துணி எடுத்துப் புதுச் சட்டை தைத்தேன். தைத்து முடித்து, கத்தரியால் அங்கங்கே பொடிப்பொடியாக ஓட்டை போட்டேன். இத்தனை வருஷத் தொழிலில் நல்ல துணியை நானே ஓட்டை போட்டது அதுதான் முதல் தடவை. குட்டி ஆசையாக வாங்கி விரலை விட்டது, மூக்கில் வைத்தது, தூக்கி எறிந்துவிட்டது. அம்மா மூக்கு அப்படியே வந்திருக்கிறது.

நேற்று சாயங்காலம் பேட்டரிக்காரர் சீக்கிரம் வந்துவிட்டார். குளித்து, சலவை உடுப்பில், சோப்பு வாசனையோடு. தூக்கக் கலக்கத்தில் சிணுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினார். அது கண்ணை மூடிக்கொண்டே அவர் கழுத்தில் முகத்தைத் தேய்த்தது. ஒருதரம் இழுத்து மோந்தது. இன்னொரு தரம் மோந்தது.

"அப்பா எப்ப வரும்?" என்று அவரிடமே கேட்டது.

வாசற்படியைத் துடைத்துக்கொண்டிருந்த மூக்கியின் கை நின்றுவிட்டது. எழுந்து வந்து என் கையை இறுகப் பிடித்தாள்.

"அக்கா, இவளுக்கு அப்பாவே மறந்துபோச்சாக்கா?"

"சீ, வாயைக் கழுவு. பழைய வாசனை இல்லாம கேக்குறாடி. தூக்கத்துல கேக்குறா."

"அப்படித்தானே? வாசனைக்குத்தானே கேக்குறா? நிச்சயமாவாக்கா?"

பேட்டரிக்காரர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே அறைக்குள் நடந்தார்.

"வந்துடுவாரு கண்ணு" என்றார். "நீ தூங்கு."