ஏத்தத்தில் ஓர் ஒற்று

அச்சகத்தில் எல்லோரும் அவரை ஒற்று அக்கா என்றே கூப்பிட்டார்கள். 'வாங்கிக் கொடு' என்பதில் அந்த 'க்' விடுபட்டால் அவர் பென்சில் சும்மா இருக்காது. இருபத்தாறு வருடம் பிழை திருத்தியதில் கண்ணுக்கு இரண்டு கண்ணாடியும் முழங்காலுக்கு ஒரு பட்டையும் சேர்ந்திருந்தன. வேலை மூன்றாம் மாடியில். லிஃப்ட் நின்று நாலு மாதம்.

அன்று காலை படிக்கட்டின் அடியில், அக்கா திருத்திய தாளோடு ஒரு தபால்காரர் நின்றார். முப்பது வருடம் மலைப்பாதையில் பை சுமந்து, அந்த மாதம் ஓய்வு பெறுகிறவர். தபால் அலுவலக மலரில் அவர் பாட்டு வரப்போகிறது. வாழ்நாளில் அவர் எழுதியது அது ஒன்றுதான். மதியம் அச்சுக்குப் போகிறது.

"தங்கச்சி, இது என் பாட்டு இல்ல."

அவர் எழுதியது:

ஏத்தம் வருது, இன்னும் ஏறு
காத்துக் குறையுது, இன்னும் ஏறு
பாத்து வையி, இன்னும் ஏறு

தாளில் இருந்தது:

ஏற்றம் வருகிறது, இன்னும் ஏறு
காற்று குறைகிறது
பார்த்து வை

"ஒரே வார்த்தை மூணு தடவை வந்துச்சுண்ணே. டைப் அடிச்சவங்களுக்குக் கை தவறிடுச்சுன்னு எடுத்துட்டேன். மத்தது பேச்சுத் தமிழ். அச்சுல எப்படி விடுறது?"

"கடுதாசிய நான் திருத்திக் கொடுத்ததில்ல தங்கச்சி. எழுதினபடியே கொண்டுபோய்க் கொடுத்தேன்."

அக்கா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தார். ஏறத் தொடங்கினார். தபால்காரர் அவருடைய தாள்கட்டை வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார். முதல் திருப்பத்திலேயே அக்கா சுவரில் சாய்ந்தார்.

"என் பாட்டச் சொல்லிட்டு ஏறுங்க. 'இன்னும்'னா ஒரு படி, 'ஏறு'ன்னா ஒரு படி. மத்த நேரம் நின்னு மூச்சு வாங்குங்க."

இரண்டாம் மாடி வரை அது சரியாக வந்தது. அதற்குமேல், பழக்கத்தில், அக்கா தம் திருத்தத்தைச் சொன்னார். 'காற்று குறைகிறது' என்று முடிந்ததும், எடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். ஏற்றமும் காற்றும் ஒத்துப்போயின. அடுத்த வரியில் 'பார்த்து' மட்டும் எதுகை கெட்டுத் தனியாக நின்றது.

மேலே போய் உட்கார்ந்து, இரண்டாவது கண்ணாடியை மாட்டி, தாம் அடித்துத் திருத்திய இடங்களுக்கெல்லாம் கீழே புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினார். பிறகு பென்சில் இரண்டாம் வரிக்குத் திரும்பியது.

"அங்க என்ன தங்கச்சி?"

"'காத்துக்'ல இந்த 'க்' வராதுண்ணே. எடுத்தா ஓசை கெடாது."

தபால்காரர் உதட்டுக்குள் சொல்லிப்பார்த்தார். கால் தரையில் இரண்டு முறை தட்டியது.

"கெடல."

அச்சு இயந்திரம் தரைத்தளத்தில். அக்கா தாளைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார்.

"கொடுங்க," என்றார் தபால்காரர். "இறங்குறப்ப பாட்டு வேணாம்."