அத்தை கேட்ட பத்திரம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், இரணியலுக்கு அருகே எங்கள் பெரியப்பா இறந்த நாற்பத்தொன்றாம் நாள் செபத்தன்று இது நடந்தது. கல்லூரிப் பேச்சுப்போட்டிகளில் தோல்வி அறியாதவன் என்ற செருக்கு அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

பெரியப்பா தம் வீட்டையும் தென்னந்தோப்பையும் ஒரு டிரஸ்ட்டாக எழுதி, சித்தப்பாவை அதன் நிர்வாகியாக்கியிருந்தார். அதே வீட்டில் வாழ்ந்த, மணமாகாத அத்தை அந்தப் பத்திரத்தைப் பார்க்க விரும்பினார். சித்தப்பாவோ, ‘நான் இருக்கையில் உனக்கு எதற்கு’ என்று ஒவ்வொரு முறையும் தட்டிக் கழித்தார். “எனக்கு இந்த வீட்டுல இருக்க இடம் உண்டா இல்லியான்னு தெரிஞ்சா போரும் மக்கா,” என்று அத்தை என்னிடம் சொன்னார்.

செபம் முடிந்து உறவினரும் அண்டை வீட்டாரும் சாப்பிட அமர்ந்த வேளையில், நான் எழுந்து நின்று பத்திரத்தைக் கேட்டேன். இறந்தவரின் உடன்பிறந்தவளுக்கு அதைக் காணும் உரிமை இல்லையா என்று முழங்கினேன்.

“இது பட்டிமன்றம் இல்லடே,” என்றார் சித்தப்பா. சிலர் சிரித்தார்கள். நான் விடவில்லை. அவர் அலமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்து வந்தார். “சத்தமா வாசிக்காத மக்கா. அறைக்குள்ள போய் நீயும் அத்தையும் மட்டும் பாருங்க.”

அதைச் சூழ்ச்சி என்றே எண்ணினேன். உரத்த குரலில் வாசித்தேன். தங்கை தம் ஆயுள் முழுவதும் இவ்வீட்டில் குடியிருக்கலாம் என்றிருந்தது. கைதட்டலுக்கு இடம்விடும் பழக்கத்தில் சற்று நிறுத்தி, சித்தப்பாவை வெற்றியோடு பார்த்தேன். அங்கேயே முடித்திருக்கலாம். தொடர்ந்தேன்: ‘மனநோய்க்கு நெடுங்காலமாகச் சிகிச்சை பெற்றுவரும் அவர், சொத்தை நிர்வகிக்கவோ தனித்து வாழவோ இயலாதவர் என்பதால்...’

குடும்பத்தில் ஒருவனான எனக்கே தெரியாத செய்தி அது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன.

அத்தை எழுந்து வந்து கை நீட்டினார். “இங்க தா மக்கா. மிச்சத்த நானே வாசிச்சுக்கிடுதேன்.”

அவரிடம் மாலையில் டியூஷன் படித்த பிள்ளைகள் பதினோரு பேர். அந்த மாதம் முடிவதற்குள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டு நான் போனபோது காப்பி தந்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார்.

அறிந்துகொள்ளும் உரிமை அத்தைக்கு இருந்தது. அதை ஊருக்கு அறிவிக்கும் உரிமையை அவர் எனக்குத் தரவே இல்லை என்பதை, இன்று எந்த மேடையில் உரிமை பற்றிப் பேசினாலும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.