மேஸ்திரி ஏறிய புங்கமரம்

மரியகுழந்தை தெருவில் வந்தால் ஊரிகம் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் ஆம்பிளைகள் ஒதுங்கி வழி விடுவார்கள். விடட்டுமே! அந்த மரியாதைக்கு அவள் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்.

குடியாத்தம் பக்கத்தவள். புருஷன் அருளப்பனோடு பிழைக்க வந்து, சுரங்க வாசலில் கல் பொறுக்கினாள். அவன் ஒரு காலத்தில் மொடாக் குடிகாரன். ஞானஸ்நானம் வாங்கிய அன்றைக்குக் கோயிலில் வாக்குக் கொடுத்துக் குடியை விட்டவன், பிறகு கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அதில் அவளுக்கு அத்தனை பெருமை.

சுரங்கத்துக்குத் தண்ணீர் இறைக்க ஏரியில் பம்பு வைத்தார்கள். குழாய் வாயில் அடைக்கும் பாசியை நீள மூங்கிலால் தள்ளுவது அருளப்பன் வேலை. ஏரியில் முதலை உண்டு, ஒரு பரண் கட்டித் தாருங்கள் என்று கேட்டான். மேஸ்திரி பெருமாள் சிரித்தான்.

"பரண் இன்னாத்துக்கு? அந்தப் புங்கமரம் தண்ணி மேல சாஞ்சிதானே கீது? அதுல குந்திக்கினு தள்ளு. மொதல எங்கியாச்சும் மரம் ஏறுமாய்யா?"

ஏறியது. சாய்ந்த அடிமரத்தில் நகத்தை ஊன்றி ஏறி வந்து, பின்னாலிருந்து தொடையைக் கவ்வியது. கூலிகள் தூக்கி வந்தபோது கொஞ்சம் உயிர் இருந்தது. "மரத்துல ஏறி வந்துச்சி, மரியா" என்று சொல்லிவிட்டுத்தான் செத்தான்.

பம்புக்குப் பொறுப்பான துரை விசாரித்தார். மரத்தில் உட்காரச் சொன்னது தான்தான் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று பெருமாளுக்குப் பயம். "குட்ச்சிட்டு தண்ணில விழுந்துட்டான் தொரை, மொதல கவ்விக்கிச்சி" என்றான் கூசாமல். எல்லாரும் நம்பினார்கள். முதலை மரம் ஏறி யார் கண்டது? வாக்குத் தவறிய குடிகாரனுக்குத் துக்கமணி கிடையாது என்றார் கோயில் உபதேசியார். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்தார்கள். பாவிகள்!

மரியகுழந்தை அழவில்லை. பம்பு ஷெட்டுக்கு விறகு சுமக்கும் வேலையைக் கேட்டு வாங்கினாள். விடிந்ததும், ஆள் வருமுன்னே, ஆண்டர்சன்பேட்டைக் கசாப்புக்கடை ஆட்டுக்குடலை அந்தப் புங்கமரத்தில் தொங்கவிட்டாள். முதலை ஏறி வந்து தின்றது, மரத்திலேயே வெயில் காய்ந்தது, ஆள் அரவம் கேட்டதும் இறங்கிப் போனது. இது தினமும் நடந்தது. யாரையாவது கூட்டிவந்து காட்டியிருக்கலாம். அவளுக்கு அது போதாது. பொய் சொன்ன வாயே உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் பாசி அடைத்துப் பம்பு நின்றது. துரை ஏசிய ஏச்சில் பெருமாள் விடியலிலேயே கூலிகளை ஓட்டி வந்தான். மரத்தில் ஏற ஒருத்தனும் சம்மதிக்கவில்லை. அன்றைக்கு மரியகுழந்தை வேண்டுமென்றே மரத்தில் குடலைத் தொங்கவிடவில்லை.

"மொதல ஏறாதுன்னு சொன்னவரு நீங்கதானே மேஸ்திரி? நீங்களே குந்துங்களேன். பயமா கீதா?" என்றாள் மரியகுழந்தை.

கூலிகள் சிரித்துவிட்டார்கள். மீசையை முறுக்கிக்கொண்டு ஏறினான் பெருமாள். மூங்கிலைத் தண்ணீரில் விட்டானோ இல்லையோ, பசித்த முதலை கரையோரம் எழும்பி, வழக்கம்போல அடிமரத்தில் ஏறியது. அவன் அலறிக்கொண்டு நுனிக்கு நகர்ந்தான். கிளை முறிகிறாற்போல வளைந்தது.

கூலிகள் கல்லுக்குக் குனிந்தார்கள். மரியகுழந்தை ஷெட்டுக் கடப்பாரையை எடுத்துக் குறுக்கே நீட்டினாள்.

"எவனாச்சும் கல்லு எட்த்தா மண்டையப் பொளந்துடுவேன்! சொல்லு மேஸ்திரி. மொதல மரம் ஏறுமா?"

"ஏறுது! ஐயோ, ஏறுது!"

"என் புருசன் குட்ச்சானா?"

"இல்ல தாயே! குடிக்கல! நாந்தான் பொய் சொன்னேன்!"

"தொரை காதுல விழல. கத்திச் சொல்லு."

கத்தினான். ஷெட்டு வாசலுக்கு ஓடிவந்த துரை கேட்டார், கூலிகள் அத்தனை பேரும் கேட்டார்கள். அப்புறம்தான் கடப்பாரையை இறக்கினாள். கல் பறந்தது. முதலை சரிந்து தண்ணீரில் விழுந்தது.

துக்கமணி அன்று சாயங்காலமே அடித்தது. மறுநாள் அருளப்பனைத் தோண்டியெடுத்து வேலிக்கு உள்ளே புதைத்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, கரைக்கு வந்ததும் பெருமாள் செய்த கூத்தும் அவள் கொடுத்த பதிலும்தான். வேட்டியெல்லாம் ஈரம். அந்த நிலையிலும் அதிகாரம் போகவில்லை.

"துப்பாக்கி எட்த்தாங்கடா! அத்த சுட்டுத் தள்ளுங்கடா!" என்று குதித்தான்.

மரியகுழந்தை அவன் எதிரே போய் நின்றாள்.

"அது பசிச்சிக் கட்ச்சுது. நீ இன்னாத்துக்குடா கட்ச்ச?"