கிளினிக் மீன்

கண்டக்குழிக் கரையில் மீன் ஏலம் கூறுவது என் தொழில். கத்துவதற்குக் கூலி வாங்குகிறவன் என்பாள் மனைவி. உள்நாட்டுச் சண்டை முடிந்து சில ஆண்டுகளில், ஆஸ்பத்திரிக்குப் புதிதாய் வந்த டொக்டர் பிள்ளை என் குரலை இரவல் கேட்டு வந்தார்.

விடுதிக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு டெப் எனப்படும் கைக்கணினி ஒன்று கொடுத்திருந்தார். ஊராரின் இரத்தச் சீனி, பிரஷர் விவரங்களை அதில் பதிந்துவந்தால், நோய், எங்கள் பேச்சில் வருத்தம், வருமுன்பே ஆளைப் பிடித்துவிடலாமாம். ஆனால் விரலில் குத்தி இரத்தம் தொட்டுப் பார்க்கும் பட்டிகள் மாதாமாதம் வேண்டும்.

"டெப் ஒருக்காக் குடுத்தா முடிஞ்சுது, அண்ணன். பட்டி அப்பிடியில்லை. வருத்தம் வந்தவைக்கு அரசாங்கம் மருந்து தருது. வராத ஆக்களைப் பாக்கத்தான் காசு காணாது. கரையில நீங்கள் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ," என்றார் டொக்டர்.

எங்கள் வள்ளங்கள் கரைப் புனிதரின் கோயிலுக்கென்று ஒரு மீன் ஒதுக்குவது வழக்கம். அதன் ஏலக்காசு கோயிலுக்கு. அதைப்போலவே கிழமைக்கொரு கிளினிக் மீன் ஒதுக்கலாம் என்று நான்தான் கரையில் வாயைக் கொடுத்தேன்.

ஏழு வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டி மடக்கினார். அவர் சொன்னால்தான் மற்றவர்கள் அசைவார்கள்.

"வராத வருத்தத்துக்கு என்னத்துக்கடா மீன்? முதல்ல நீ விரலை நீட்டு. உனக்குச் சீனி இருந்தா மீன் தாறன். இல்லாட்டி உந்த மெசின் எங்களுக்கு வேணாம்."

கரையே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் விளங்கியது. நான் சுகமாயிருந்தால் திட்டம் செத்தது. திட்டம் பிழைக்க வேண்டுமென்றால் நான் நோயாளி. புனிதரின் படத்துக்கு முன் முழந்தாளிட்டு, எதைக் கேட்பதென்று தெரியாமல் எழும்பி வந்தேன்.

மறுநாள் காலை, வெறும் வயிற்றோடு, கரையில் எல்லோருக்கும் முன்னால் டொக்டரிடம் விரலை நீட்டினேன்.

"டொக்டர், சின்ன விரல்ல சீனி குறைவா இருக்குமோ?"

"எல்லா விரல்லயும் ஒரே இரத்தம்தான், அண்ணன்."

ஐயோ என்று கத்தினேன். ஊசியை இன்னும் எடுக்கவேயில்லை என்றார் அவர்.

ஒருவழியாகக் குத்தி, டெப்பில் பதிந்தார். "வருத்தம் இல்லை."

சம்மாட்டி துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"ஆனா வாசல்ல வந்து நிக்குது," என்றார் டொக்டர். "இப்பவே சாப்பாட்டைக் குறைச்சு, நடந்தா, உள்ளுக்கு வராமப் பாக்கலாம். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா இப்பிடிக் குத்திப் பாக்கோணும்."

நான் வலைக்குவியலில் குந்திவிட்டேன். சம்மாட்டி திரும்பி வந்தார்.

"எட பண்டிப் பயலே, ஒரு தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி போட்டா வேற என்ன வரும்? நீ படுத்திட்டா எங்கட மீனை ஆரடா கூறுறது?"

வள்ளத்திலிருந்து பெரிய பாரைமீன் ஒன்றைத் தூக்கி மணலில் தனியே போட்டார். "கிளினிக்குக்கு. கூறு!"

எனக்குச் சத்தமே வரவில்லை. அவரே கூறத் தொடங்கினார். அப்படியொரு மோசமான ஏலத்தை அந்தக் கரை கண்டதில்லை. விலை கேட்டவர்களையெல்லாம் கஞ்சப்பயல்கள் என்று ஏசித் துரத்தி, கடைசியில் தன் மீனைத் தானே வாங்கினார்.

மற்ற வள்ளக்காரர்கள் சிரித்துச் சிரித்தே ஆளுக்கொரு மீன் போட்டார்கள். அவற்றை நான்தான் கூறினேன், வலையில் குந்தியபடியே.