பூட்டிய பீரோவில் விருது நூல்கள்

என் மனைவி எண்ணூரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். விருது பெற்ற சிறுவர் நூல் எது வெளிவந்தாலும் வாங்கி வந்து வகுப்பில் போட்டுவிடுவாள். அவை கிழியும், மீன் வாடை ஏறும். ஞாயிறுதோறும் அவள் பசை தடவி ஒட்டுவாள். அவள் இறந்த பிறகு அத்தனையையும் பள்ளிக்கே எழுதிக் கொடுத்தேன்.

சென்ற வாரம் அங்கே போனேன். வராந்தாச் சுவரில் வண்ண அட்டை: ‘மாணவர்களும் ஆசிரியர்களும் விரும்பும் விருது நூல்கள்’. முதலிடத்தில், சாம்பல் படிந்த கழிமுகத்தில் கடலுக்கு வழி தேடும் ஒரு நண்டுக்குஞ்சின் கதை. நூல்களோ தலைமையாசிரியையின் அறையில், பூட்டிய கண்ணாடி பீரோவுக்குள் இருந்தன.

“பசங்க எப்போ படிச்சாங்க?” என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன்.

“லிஸ்ட்டை டீச்சர்ஸ் மீட்டிங்ல முடிவு பண்ணோம் சார். பசங்க கையில கொடுத்தா கிழிச்சிடுவாங்க. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க பார்த்துப் பாராட்டிட்டுப் போறாங்க.”

“கிழிஞ்சது இருந்துதே?”

“அதையெல்லாம் பழைய பேப்பரோட போட்டாச்சு சார்.”

நான் குரலை உயர்த்தவில்லை.

வருகைப் பதிவேட்டைக் கொடுக்க வந்த முகத்துவாரக்குப்பத்துச் சிறுமி ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

“நண்டு புக்கு பாதிதான் படிச்சேன், அதுக்குள்ள டீச்சரு செத்துப் பூட்டாங்க. அது கடலுக்குப் போச்சா இல்லியா தாத்தா?”

எனக்குத் தெரியவில்லை.

“டீச்சரு வூட்லயே இருந்துகினு படிக்கலியா நீ?”

“ஏய்!” என்று தலைமையாசிரியை அவளை அதட்டினார். அதட்ட வேண்டியது என்னை. சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் என் மனைவி கிழிந்த தாள்களை ஒட்டிக்கொண்டிருக்க, எதிரே நான் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘குழந்தைப் புத்தகம்தானே’ என்று ஒருமுறை சொல்லியும் இருக்கிறேன். இவர் பீரோவைப் பூட்டினார். நான் பூட்டாத மேசையிலிருந்தே ஒன்றையும் எடுத்துப் பார்க்கவில்லை.

“நண்டு புத்தகத்தை என் பேர்ல எழுதிக்குங்க.”

“வெளிய தர்றதில்ல சார்.”

“வெளிய போகல. இங்கேயே, இந்தப் பொண்ணு படிக்கட்டும்.”

சாவியைத் தேடவே கால்மணி நேரம் ஆயிற்று. வராந்தாப் படியில் அமர்ந்து அவள் உரக்கப் படித்தாள். எனக்காக முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். நண்டு அனல்மின் நிலையத்துக் குழாயடியில் சிக்கியிருந்தபோது பள்ளிவிடும் மணி அடித்தது. தலைமையாசிரியை வந்து கையை நீட்டினார்.

“நாளைக்குப் பார்க்கலாம் சார். பீரோ பூட்டணும்.”

“இன்னும் நாலு பக்கம் இருக்கு” என்றேன். எழுந்திருக்கவில்லை. சிறுமி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்; பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.