அலர்விழியின் இடது கால்

கீழக்கரையில் சங்கு வியாபாரம் செய்துவந்த ஹமீது சுல்தானின் மனைவி லத்தீபாவுக்கு இடது கால் சற்றுக் குட்டை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அந்தக் காலின் பலத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். அந்தக் காலால் அவளுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் வந்தது, கல்யாணமும் தாமதமாயிற்று. பட்டப்பெயரை அவள் பொருட்படுத்தவில்லை. கல்யாணம் நன்றாகவே அமைந்தது. ஆகவே காலைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் அரபுத்தமிழ்தான். அவள் தெருப் பெண்கள் பலரையும் போலத் தமிழை அரபு எழுத்தில் எழுதுவாள், படிப்பாள். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் தெரியாது. தெரிந்து ஆகவேண்டியதும் ஒன்றும் இல்லை. அவள் பஸ்ஸில் போனதே அபூர்வம்.

அம்பத்தொன்றாம் வருஷம் சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் 'ஏழு பாய்மரம்' என்று ஒரு தொடர்கதை ஆரம்பமாயிற்று. லத்தீபாவின் தம்பி கபீர் பத்திரிகையை வாங்கிவந்து கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பான். பழைய காலத்துத் துறைமுகம். அங்கே ஒரு கப்பல் வணிகர். அவருக்கு ஒரே மகள் அலர்விழி. முதல் அத்தியாயத்தின் கடைசியில் அலர்விழி மாளிகைப் படியிறங்கி வருகிறாள். கூடியிருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்து வாயடைத்து நிற்கிறார்கள். பிறகு அவள் நடக்கிறாள். இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாள். அத்தோடு அந்த வாரக் கதை முடிந்தது.

கபீர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். அரிசி புடைத்துக்கொண்டிருந்த லத்தீபா முறத்தைக் கீழே வைத்தாள். பத்திரிகையை எடுத்து, தனக்குப் படிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை சூடுபிடிக்கும் சமயத்தில் கபீர் வியாபாரத்துக்காகக் கொழும்புக்குப் போய்விட்டான். அலர்விழி அப்போது கடற்கொள்ளைக்காரர்களின் கப்பலில் கட்டிப்போடப்பட்டிருந்தாள். வேறு வழியில்லாமல் லத்தீபா கணவரைப் படிக்கச் சொன்னாள். ஹமீது சுல்தான் கொள்ளைக்காரன் பேச்சையும் அலர்விழியின் பேச்சையும் சங்கு விலை சொல்லும் அதே குரலில் படித்தார். வர்ணனை வந்தால், "இங்கன நிலாவைப் பத்தி எழுதியிருக்கான்" என்று சொல்லித் தாண்டிவிடுவார்.

இரண்டு வாரம் பொறுத்தாள். பிறகு, ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று வாங்கிவரச் சொன்னாள்.

"யாருக்குப் புள்ளெ?" என்றார் ஹமீது சுல்தான். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

"எனக்குத்தான் மச்சான். நிலாவைப் பத்தி என்ன எழுதியிருக்கான்னு பாக்கணும்."

அலர்விழியைக் கொள்ளைக்காரர்கள் விடுவித்தபோது லத்தீபா எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அலர்விழியுடைய தகப்பனாரின் கப்பல் புயலில் சிக்கியபோது நிறுத்தாமல் படித்தாள். அதற்கப்புறம், அவளை லாத்தா என்று அக்கா முறை சொல்லும் பக்கத்து வீட்டு சாலிஹாவும் தெருப் பெண்கள் சிலரும் மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்ததும் அவள் வீட்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பத்திரிகை பஸ்ஸில் வந்து சேராத வாரம் அந்தத் தெருவில் சமையல் சுமாராக இருக்கும் என்று ஆண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

மூன்று வருஷம் ஓடிய கதை. அலர்விழிக்குக் கால் சரியாகவில்லை. கதாசிரியர் அதை மறந்துவிடவும் இல்லை. அவள் ஓட வேண்டிய இடத்தில் ஓட முடியாமல் பிடிபட்டாள். ஒளிந்து நின்றபோது மணலில் பதிந்திருந்த ஒருச்சாய்ந்த காலடியைப் பார்த்து எதிரிகள் கண்டுபிடித்தார்கள். கடைசியில் தகப்பனாரின் கப்பலுக்கு அவளே தலைவியானாள். அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்த இளவரசனைக் கரையில் நிற்கவைத்துவிட்டு, காலைத் தாங்கித் தாங்கிக் கப்பல் பலகையேறிப் போனாள். லத்தீபா அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்துவிட்டுப் பத்திரிகைப் பக்கங்களை எல்லாம் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்துக்கொண்டாள்.

அம்பத்தேழாம் வருஷம் அதே பத்திரிகையில் ஒரு பக்க அறிவிப்பு வந்தது. 'ஏழு பாய்மரம்' சினிமாவாகிறது.

தெருவே இரண்டு பட்டது. சாலிஹாவுக்குக் கப்பலைப் பற்றித்தான் கவலை. "துணியிலெ கப்பல் எழுதித் தொங்க விட்ருவாக லாத்தா. அசையக்கூட செய்யாது" என்றாள். இன்னொருத்திக்கு, கொள்ளைக்காரத் தலைவனாக யார் வருவார் என்று தெரியாமல் தூக்கமில்லை. படப்பிடிப்பு நம் கடலில்தான் நடக்கப்போகிறது என்று ஒரு பேச்சும் கிளம்பிற்று. ஏர்வாடிப் பக்கம் கரையில் காமிரா வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வாலிபர்கள் சிலர் வள்ளம் எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே மூன்று கால் வைத்த கருவியோடு சர்க்கார் ஆட்கள் நிலம் அளந்துகொண்டிருந்தார்கள். போன வாலிபர்களைச் சங்கிலி பிடிக்கச் சொல்லி வேலை வாங்கிவிட்டு அனுப்பினார்கள்.

லத்தீபா எந்தப் பேச்சிலும் கலந்துகொள்ளவில்லை. அலர்விழியாக நடிக்கப்போகிறவளின் படம் பத்திரிகையில் வந்தபோது மட்டும் வாங்கிப் பார்த்தாள். இடுப்புக்கு மேலேதான் படம் போட்டிருந்தார்கள்.

படம் ராமநாதபுரத்துக்கு வந்தது. லத்தீபா அதுவரை சினிமாப் பார்த்ததில்லை. அவள் தெருவிலிருந்து பெண்கள் சினிமாவுக்குப் போகும் வழக்கமும் இல்லை. சங்கு மூட்டை விஷயமாக ராமநாதபுரம் போக இருந்த கணவரிடம் சொன்னாள்.

"மச்சான், அந்தப் படத்தைப் பாத்துட்டு வாங்க."

"நானா? எனக்கு அதெல்லாம் விளங்காதே."

"விளங்க வேண்டாம். பாத்துட்டு வந்தாப் போதும்."

அவர் போய்வந்த மறுநாள் மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்காரவைத்துக் கேட்டாள்.

"கப்பல் வந்துச்சா?"

"வந்துச்சு. அசைஞ்சுச்சு."

"அலர்விழி தாங்கித் தாங்கி நடந்தாளா?"

"நடந்தா."

"எந்தக் கால்?"

ஹமீது சுல்தான் கையிலிருந்த சோற்றை வாயில் வைத்து மென்றார். அவர் கவனித்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே காலைச் சொன்னார்.

"இடது."

லத்தீபா அவருக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். அன்று முழுக்க அவள் முகம் ஒருமாதிரித் தெளிவாக இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, மீதிப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருந்துவிட்டார்.

அடுத்த வாரம் சாலிஹாவின் தம்பி மதுரையில் படம் பார்த்துவிட்டு வந்தான். சாலிஹா கொல்லைப்புறமாகவே ஓடிவந்தாள்.

"லாத்தா, ஆடுறாளாம்!"

"யாரு?"

"அலர்விழிதான். தோழிமாரைச் சேத்துக்கிட்டு ஆடுறாளாம். ஒரு ஆட்டம் இல்லெ, ஆறு ஆட்டமாம்!"

லத்தீபா கணவர் வரும்வரை காத்திருந்தாள்.

"தாங்கி நடந்தான்னு சொன்னீங்களே?"

"அல்லா மேல ஆணையா நடந்தா. நான் பொய் சொல்லலெ."

"அப்புறம்?"

"அப்புறம்…" என்றார் ஹமீது சுல்தான். "அப்புறம் எனக்குக் கண் அசந்து போச்சு."

"சரி. நானே பாக்கணும்."

அவர் அன்றைக்கு முழுக்க, தெரு என்ன சொல்லும், பள்ளிவாசலில் யார் என்ன கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடி கேட்கவும் இல்லை. கேட்காமல் இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. கடைசியில் ராமநாதபுரத்துப் பல் டாக்டரிடம் போவதாகத் தெருவில் சொல்லிவிட்டுப் போவது என்று முடிவாயிற்று. அது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக முதலில் பல் டாக்டரிடமே போனார்கள். சும்மா காட்டிவிட்டு வரலாம் என்றுதான் இருந்தார்கள். டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

ஆகவே லத்தீபா தன் வாழ்நாளின் முதல் சினிமாவை, வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு, வாயில் பஞ்சோடு பார்க்க உட்கார்ந்தாள். பகல் ஆட்டம். பெண்கள் பக்கத்து பெஞ்சியில் அவளுக்கு அடுத்தாற்போல் ஒரு அம்மாள் மடியில் பொரிகடலையோடு இருந்தாள். பெயர் சோணையம்மாள்; முதுகுளத்தூர்க்காரி; மிளகாய் விற்க வந்தவள். இதையெல்லாம் விளக்கு அணைவதற்குள் அவளே சொல்லிவிட்டாள். லத்தீபா தலையை மட்டும் ஆட்டினாள்.

அலர்விழி படியிறங்கி வந்தாள். நடந்தாள். உண்மையாகவே தாங்கித் தாங்கி நடந்தாள். லத்தீபா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். பெரிய திரையில், அத்தனை பேருக்கும் நடுவில், அழகான ஒருத்தி உடம்பு ஒருச்சாய்ந்து நிமிர நடந்து வருகிறாள். கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. லத்தீபாவுக்குக் கண் கலங்கிற்று. அடுத்த காட்சியில் அலர்விழி தோட்டத்துக்குப் போனாள். இப்போது வலது காலைத் தாங்கினாள். அதற்கடுத்த காட்சியில் மறுபடியும் இடது கால். லத்தீபாவுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. தகப்பனார் மகளைப் பார்த்துக் கண்ணீர் விடும் இடம் அது. முன் பெஞ்சிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் துப்பட்டியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பிறகு காட்டில் ஒரு சித்தர் வந்தார். கதையில் சித்தரே கிடையாது. அவர் ஒரு மூலிகையை அரைத்து அலர்விழியின் காலில் பூசினார். கால் சரியாகிவிட்டது. அலர்விழி எழுந்து நின்றாள், நடந்தாள், அத்தோடு நிற்காமல் ஆடவும் செய்தாள். எங்கிருந்தோ தோழிகள் வந்து சேர்ந்துகொண்டார்கள். சோணையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, பொழச்சுச்சு புள்ள" என்றாள். லத்தீபா ஆட்டம் முடியும்வரை அசையாமல் இருந்தாள். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

இடைவேளையில் எல்லோரும் தண்ணீர் குடிக்க எழுந்தார்கள். லத்தீபா நடப்பதைச் சோணையம்மாள் அப்போதுதான் பார்த்தாள்.

"அடடா," என்றாள், மனசார. "அந்த மூலிகை உனக்கும் கெடச்சா நல்லாருக்குமே தாயி."

லத்தீபா வாயிலிருந்த பஞ்சை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"கதையிலெ அவளுக்கே கெடைக்கலெ" என்றாள்.

"எந்தக் கதை?"

"இந்தக் கதைதான். பத்திரிகையிலெ வந்துச்சு. அந்தப் பிள்ளெ கடைசி வரைக்கும் இப்படியேதான் நடந்துச்சு. நடந்துக்கிட்டே கப்பல் ஓட்டுச்சு."

"காலத் தாங்கிக்கிட்டா?"

"கப்பல் ஓட்டக் காலா வேணும்?"

சோணையம்மாள் யோசித்தாள். "அதுவும் சரிதான்" என்றாள். "அப்ப அந்த ராசா மகன்?"

மணி அடித்தது. உள்ளே போய் உட்கார்ந்தார்கள். லத்தீபா ராஜகுமாரன் சங்கதியை மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். பல் பிடுங்கிய வாயில் பேச்சுக் கொஞ்சம் குழறிற்று. சோணையம்மாள் காதைக் கிட்டக் கொண்டுவந்தாள். பின்னாலிருந்து ஒருத்தி, "படம் பாக்க விடுறீகளா இல்லையா?" என்று அதட்டினாள். "வா தாயி, வெளிய போவோம்" என்று சோணையம்மாள் எழுந்துவிட்டாள்.

கொட்டகைக்குப் பக்கவாட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே ஒரு சுவரோரம் நிழல் இருந்தது. அங்கே உட்கார்ந்து லத்தீபா முதல் அத்தியாயத்திலிருந்து சொன்னாள். உள்ளே கத்திச் சண்டைச் சத்தம் கேட்டது, பாட்டுக் கேட்டது, ஒரு தடவை யானை பிளிறிற்று. சோணையம்மாள் ஒன்றுக்கும் திரும்பவில்லை. மணலில் காலடி பார்த்துக் கண்டுபிடித்த இடத்தில், "பாவிப் பயலுக!" என்று தரையில் அடித்தாள். தண்ணீர் குடிக்க வந்த இரண்டு பெண்களும் நின்றுவிட்டார்கள்.

படம் முடிந்து ஹமீது சுல்தான் பெண்கள் பக்கத்து வாசலில் நெடுநேரம் காத்திருந்தார். எல்லோரும் போய்விட்டார்கள். பயந்துபோய்ச் சுற்றித் தேடிவந்தபோது, தொட்டியடியில் மனைவி துப்பட்டி நழுவியது தெரியாமல் கையை வீசிப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டார். கன்னம் வீங்கியிருந்தது.

"லத்தீபா! கடைசி பஸ் போயிரும்."

"இன்னும் புயலே வரலியே மச்சான்" என்றாள்.

சோணையம்மாள் எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்தாள். "எந்த ஊரு தாயி நீ?" என்று கேட்டுக்கொண்டாள்.

பஸ்ஸில் ஹமீது சுல்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எனக்கு அன்னைக்குக் கண் அசரலெ. அந்தச் சித்தரைப் பத்திச் சொல்ல மனசு வரலெ."

"தெரியும்" என்றாள் லத்தீபா. பிறகு, "படியிறங்கி வந்தாள்ல, அது மட்டும் நல்லாருந்துச்சு" என்றாள்.

தெருவில் விஷயம் வெளிப்பட்டுவிட்டது. இரண்டு நாள் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் முணுமுணுத்தவர்களின் பெண்களே வந்து படம் எப்படி என்று கேட்டார்கள். லத்தீபா தைத்து வைத்திருந்த பக்கங்களை எடுத்து முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள். முன்பு வந்ததைவிட இப்போது கூட்டம் அதிகம்.

புயல் அத்தியாயம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், சாக்குப் பையோடு சோணையம்மாள் வந்து சேர்ந்தாள். பஸ் ஸ்டாண்டில் விசாரித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். பையில் வற்றல் மிளகாய் இருந்தது. சாலிஹா நகர்ந்து இடம் விட்டாள். சோணையம்மாள் தண்ணீர் குடித்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"படத்துல கடைசில அவளுக்கும் ராசா மகனுக்கும் கல்யாணம் ஆயிருச்சாமே? எங்க ஊருல பாத்தவுக சொன்னாக."

ஹமீது சுல்தான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். படத்தை இரண்டு தடவை முழுசாகப் பார்த்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். சொல்லலாமா என்று மனைவியைப் பார்த்தார்.

"ஆகட்டும்" என்றாள் லத்தீபா. விட்ட பக்கத்தைத் தேடி எடுத்து, புயலைப் படித்தாள்.